மானியத்துல பொறந்து லீவு லெட்டர்ல வாழுற நாடகம்: மெலட்டூர் பாகவத மேளா

மெலட்டூர் பாகவத மேளா பத்தி பேப்பர்ல மேகசின்ல எது வந்தாலும் மொத பாராலயே "500 வருஷமா இடைவிடாம நடந்துக்கிட்டு வர்ற நாடகம்"னு ஒரு வரி இருக்கும். படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா உண்மை அது இல்ல. இந்த நாடகம் நடுவுல நின்னு போயிருக்கு, ஒரு தடவை இல்ல, பல தடவை. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் ரெண்டு பேர் உக்காந்து பழைய ஏட்டையும் பழைய ஆளுங்களையும் தேடிப் புடிச்சு மறுபடி ஓட வச்சிருக்காங்க. எனக்கு என்னவோ "இடைவிடாம"ங்கறத விட இந்த நின்னு நின்னு ஓடுன கதைதான் பெருசாத் தெரியுது, ஏன்னா ஒரு சின்ன ஊர்ல சம்பளம் வாங்காம நாடகம் போடுறவங்க எப்படித் தாக்குப் புடிக்கிறாங்கங்கற கேள்விக்கு பதில் அந்த இடைவெளிலதான் இருக்கு.

தெரியாதவங்களுக்காக ஊரைப் பத்தி ரெண்டு வார்த்தை. தஞ்சாவூர் மாவட்டம், பாபநாசம் தாலுக்கா, ஒரு பேரூராட்சி. தஞ்சாவூர்லேர்ந்து திட்டை வழியா 18 கிலோமீட்டர் வாக்குல வரும். சுத்தி வயல், உள்ள அக்ரகாரம், கடைத்தெரு, மத்த தெருக்கள்னு டெல்டால எல்லா ஊரும் இருக்கற மாதிரிதான் இருக்கும். வருஷத்துல ஒரு தடவை நரசிம்ம ஜெயந்தி ஒட்டி, அதாவது சித்திரை கடைசிலயோ வைகாசிலயோ, வரதராஜப் பெருமாள் சன்னதித் தெருவுல பந்தல் போட்டு மேடை கட்டி ராத்திரி முழுக்க நாடகம். மொத நாள் பிரகலாத சரித்திரம், அதுக்கப்புறம் அரிச்சந்திரா, உஷா பரிணயம், மார்க்கண்டேயான்னு அந்தந்த வருஷத் தெம்பைப் பொறுத்து நாள் கூடும் குறையும். எல்லாமே தெலுங்கு. நடிக்கறது எல்லாமே ஆம்பளைங்க, பிரகலாதனோட அம்மா லீலாவதி, அரிச்சந்திரன் பொண்டாட்டி சந்திரமதி வேஷம் உட்பட. இவங்கள்ல ஒருத்தர் கூட தொழில்முறை நடிகர் கெடையாது, பேங்க்ல இருப்பாங்க, ஸ்கூல் வாத்தியாரா இருப்பாங்க, இப்ப சாஃப்ட்வேர் ஆளுங்களும் சேந்துட்டாங்க, வருஷம் பூரா வேற வேலை பாத்துட்டு அந்த ஒரு வாரத்துக்கு ஊருக்கு வந்து அரிதாரம் பூசிக்கிறவங்க.

அந்த ராத்திரி எப்படிப் போகும்னு கொஞ்சம் விவரமாவே சொல்றேன், பாக்காதவங்களுக்கு இது இல்லாம மத்தது புரியாது. ஒம்பது பத்து மணிக்கு மேல ஆரம்பிக்கும். மொதல்ல கோணங்கி வருவான், குல்லா மாட்டிக்கிட்டு துள்ளிக் குதிச்சு கூட்டத்தை அமைதியாக்கறது அவன் வேலை. அப்புறம் பாடறவங்க சேந்து தோடயமங்களம், அதாவது தொடக்கத்து சாமி பாட்டு. அதுக்கப்புறம் ஒரு சின்னப் பையன் யானை மொகமூடி போட்டுக்கிட்டு பிள்ளையாரா வருவான், அந்தப் பையனோட அம்மா அப்பா தாத்தா பாட்டி எல்லாம் மொத வரிசைல உக்காந்து கண்ணு கலங்குறத அந்த நேரத்துல பாக்கணும். பிறகு கட்டியக்காரன் வந்து ராஜா வர்றார்னு கட்டியம் கூற, இரணியன் நுழையறதுக்கு ஒரு தரு. ஒவ்வொரு பாத்திரமும் உள்ள வர்றதுக்குன்னு தனித்தனியா ஒரு பாட்டு இருக்கு, பாத்திரப் பிரவேச தரு, பாடறது பின்னாடி உக்காந்திருக்கற பாகவதர்கள், ஆடறதும் அபிநயம் புடிக்கறதும் வேஷக்காரங்க, வசனம் அவங்களே பேசுவாங்க. பாட்டு, ஜதி, சொல்லு, பேச்சு எல்லாம் கலந்து மெதுவா போகும், ரொம்ப மெதுவா. நடுராத்திரில பாதிப் பேர் தூங்கிடுவாங்க, அதுல தப்பே இல்ல, லீலாவதி அழுவற கட்டத்துக்கு பக்கத்துல இருக்கறவங்க எழுப்பி விட்டுருவாங்க.

விடியக்காலைல தூண் பொளந்து நரசிம்மம் வரும். இந்த இடம்தான் நாடகம்ங்கற எல்லைய தாண்டிடும். நரசிம்மத்தோட மொகமூடி கோயில்ல வச்சு பூஜை பண்ற சாமான், நாடகத்துக்குன்னு பெட்டில கெடக்கற பொருள் இல்ல. அத போட்டுக்கறவர் அன்னிக்கு பட்டினி விரதம். மாட்டுனதுக்கு அப்புறம் அவருக்கு ஆவேசம் வந்துடும், அவரப் புடிச்சுக்க ஆளு நிக்கணும், இரணியன் வேஷக்காரருக்கு உண்மையிலயே அடி பட்டுடக் கூடாதுன்னு. கூட்டம் எழுந்து நின்னு கும்புடும். பாத்துக்கிட்டிருந்த நாடகம் அந்த நிமிஷத்துல தரிசனமா மாறிடும், கைதட்டறவங்க யாரும் இருக்க மாட்டாங்க. இத மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தைப் படிங்க, ஏன்னா இந்த மொகமூடிதான் பின்னாடி நான் சொல்லப்போற விஷயத்துக்கு அச்சாணி.

சரி, இப்ப காசு விஷயத்துக்கு வருவோம். நாடகத்துக்கு யாரு நெல்லு அளந்தாங்க?

டெல்டால இதுக்குப் பழைய ரெகார்ட் ஒண்ணு கல்லுலயே இருக்கு. தஞ்சாவூர் பெரிய கோயில்ல, இரண்டாம் ராஜேந்திர சோழனோட ஆறாம் ஆட்சி வருஷத்துக் கல்வெட்டு, அதாவது 1050கள் கடைசி. வைகாசிப் பெரிய திருவிழாவுல ராஜராஜேஸ்வர நாடகம் ஆடறதுக்கு சாந்திக்கூத்தன், அதாவது கோயில்ல கூத்து ஆடறவர், ஒருத்தருக்கு தெனம் ஒரு தூணி நெல்லு, மூணு தூணி ஒரு கலம்ங்கற கணக்குல வருஷத்துக்கு 120 கலம், கோயில் களஞ்சியத்துலேர்ந்து அளக்கணும்னு ராஜாவோட உத்தரவு. அந்த நாடகம் எப்படி இருந்துச்சு, என்ன கதைன்னு நமக்கு ஒரு வரி கூட மிச்சம் இல்ல. கூலிக் கணக்கு மட்டும் ஆயிரம் வருஷம் நிக்குது. நம்ம ஊர்ல எல்லாமே இப்படித்தான் போல. ஆனா ஒண்ணு தெளிவா தெரியுது, அப்ப நாடகம் ஆடறது ஒரு தொழில், பரம்பரைக் காணி, நெல்லு வந்தா ஆட்டம். கோயில் கொடுக்கற நெல்லு நின்னுச்சுன்னா ஆட்டமும் நின்னுடும்.

அடுத்து நாயக்கர் காலம். 1532 வாக்குல சேவப்ப நாயக்கர் தஞ்சாவூர்ல உக்காந்ததுலேர்ந்து அரண்மனைல தெலுங்கு வந்துடுச்சு. அவருக்கு அப்புறம் அச்சுதப்ப நாயக்கர், ரகுநாத நாயக்கர், விஜயராகவ நாயக்கர்னு வரிசையா வந்தவங்க, இதுல கடைசி ரெண்டு பேரும் தாங்களே உக்காந்து காவியமும் யக்ஷகானம்ங்கற பாட்டு நாடகமும் எழுதுனவங்க. 1670கள்ல மராட்டியர் வந்தப்ப மொழி மாறும்னு நெனச்சா அதுவும் இல்ல, ஷாஹஜி மகாராஜா மராட்டியர், பல்லக்கி சேவா பிரபந்தம் எழுதுனது தெலுங்குல. இப்படி தமிழ் நாட்டுக்கு நடுவுல, தமிழ் பேசற கூட்டத்துக்கு முன்னாடி, தெலுங்குல நாடகம் போடுறதுங்கற விசித்திரம் இங்க ரொம்ப சாதாரணமாயிடுச்சு.

மெலட்டூர் கதை அச்சுதப்ப நாயக்கர்கிட்டதான் ஆரம்பிக்குதுன்னு சொல்லுவாங்க. 510 பிராமணக் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு வீடு, ஒரு கெணறு, நெலம்னு குடுத்து குடியமத்துனாராம். 510ங்கறது ஊர்ல வழிவழியா சொல்ற எண்ணிக்கை, அத அப்படியே வச்சுப்போம். இந்த ஊருக்கு மட்டும் இல்ல, சாலியமங்கலம், சூலமங்கலம், ஊத்துக்காடு, நல்லூர், தேப்பெருமாநல்லூர்னு இந்த நாடகம் நடந்த ஊர்கள் ஒரு கொத்தா இருக்கு. எல்லாமே ஆத்துப் பாசனம் பாயற ஊர், எல்லாமே மானியம் வாங்குன அக்ரகாரம். இதுல நாடகம் போடறவங்களுக்கு சோழர் காலத்து சாந்திக்கூத்தன் மாதிரி ஆட்டத்துக்குன்னு கூலி கெடையாது, ஆனா வீட்டுல நெல்லு நெறைஞ்சு இருக்கு. வயல்ல எறங்கி வேலை செய்யறது இன்னொருத்தர், இவங்களுக்கு வேதம், சங்கீதம், நாட்டியம்னு உக்காந்து கத்துக்க நேரம் இருந்துச்சு. அந்த நேரம்தான் உண்மையான மானியம்.

18-ம் நூற்றாண்டுல அந்த நேரம் எப்படி விளைஞ்சுதுன்னு பாக்கணும்னா மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரியப் பாருங்க. தியாகராஜருக்கு மூத்த சமகாலத்தவர். பிரகலாதா, உஷா, மார்க்கண்டேயா, அரிச்சந்திரா, ருக்மாங்கதா, துருவா, கம்ச வதம், சீதா கல்யாணம், ருக்மிணி கல்யாணம்னு பத்து நாடகத்துக்குப் பக்கமா எழுதிட்டுப் போயிருக்காரு, இன்னிக்கும் மேடைல நிக்கறது அவரோடதுதான். அதே ஊர்ல வீரபத்ரய்யான்னு ஒருத்தர், முத்துசுவாமி தீட்சிதரோட அப்பா ராமசாமி தீட்சிதர் இவர்கிட்டதான் பாடம். கர்நாடக சங்கீதத்தோட வரலாறு எழுதறவங்க திருவையாறு, திருவாரூர்னு போயிடுவாங்க, வழில இருக்கற மெலட்டூர்ல எறங்க மாட்டாங்க, அது ஒரு குறை எனக்கு. தியாகராஜரே பிரகலாத பக்தி விஜயம், நௌகா சரித்திரம்னு ரெண்டு இசை நாடகம் எழுதியிருக்காரு, அந்தக் காத்து எங்கேர்ந்து அடிச்சுதுன்னு இந்தக் கொத்து ஊர்களப் பாத்தா தெரியும்.

பிறகுதான் சரிவு. 1855ல ரெண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாம செத்துப் போறார், கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்குது, அரண்மனை ஆதரவு முடிஞ்சுது. ஆனா மெலட்டூரை ஆட்டுனது அரண்மனை போனது மட்டும் இல்லன்னு நான் நெனைக்கிறேன், அரண்மனை போனாலும் மானியமா வந்த நெலம் ஊர்ல இருந்துச்சே. ஆட்டுனது ரயிலும் காலேஜும். 1861ல நாகப்பட்டினம் தஞ்சாவூர் ரயில் வந்துடுச்சு, கும்பகோணத்துல காலேஜ் வந்துடுச்சு, பையன் இங்கிலீஷ் படிச்சா வக்கீல், இல்லன்னா சர்க்கார் ஆபீஸ்ல குமாஸ்தா, இல்லன்னா மெட்ராஸ். தெலுங்கு தருவை பத்து வருஷம் உக்காந்து மனப்பாடம் பண்ண யாருக்கு அவசியம்? 19-ம் நூற்றாண்டு கடைசில ஆட்டம் தள்ளாடி நின்னே போச்சு. பரதம் நடேச ஐயர்னு ஒருத்தர்தான் அத மறுபடி தூக்கி நிறுத்துனவர், அவரே ஆடி, அவரே சொல்லிக் குடுத்து. அவர் காலத்துக்கு அப்புறம் திரும்ப ஒரு தொய்வு. 1930களோட கடைசில அவர்கிட்ட பாத்து கத்துக்கிட்டவங்கள வச்சு கணேச ஐயர் போன்றவங்க மறுபடி ஆரம்பிச்சாங்க. இதத்தான் சொல்றேன், இடைவிடாம இல்ல, இடைவெளி விட்டு விட்டு. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஆளோட ஞாபகத்துல தொங்கிக்கிட்டு தப்பிச்சிருக்கு.

இன்னொரு பெரிய மாத்தம் 1950கள் 60கள்ல. 1952ல தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955ல குத்தகைதாரர் பாதுகாப்பு, 1961ல நில உச்சவரம்பு, 1963ல இனாம், அதாவது மானிய நெலம், ஒழிப்புன்னு வரிசையா வந்துச்சு. அக்ரகாரத்து மிராசுகள் நெலத்தை வித்துட்டு, விட்டுட்டு, டவுனுக்குக் கெளம்புனாங்க. இந்தக் கலையப் பத்தி எழுதறவங்க இந்த இடத்துல ஒரு பெருமூச்சு விடுவாங்க, "ஆதரவு போயிடுச்சு"ன்னு. எனக்கு அந்தப் பெருமூச்சு வரல. நாயக்கர் குடுத்தது நெலம், ஆனா நெல்லைக் குடுத்தது நெலத்துல முழங்கால் சேத்துல நின்ன பண்ணையாள். அந்தக் குடும்பங்கள் நாடகத்தை எங்க நின்னு பாத்தாங்க, பாக்க விட்டாங்களான்னு யாரும் எழுதி வைக்கல. அவங்களுக்கு உரிமை வந்ததுனால ஒரு நாடகம் கஷ்டப்பட்டுச்சுன்னா, அந்த நாடகம் வேற வழி கண்டுபுடிச்சுக்க வேண்டியதுதான். கண்டுபுடிச்சுது, அதுதான் அழகு.

அந்த வழிதான் சம்பளமும் லீவும். ஊரை விட்டுப் போனவங்ககிட்ட இப்ப நெலம் இல்ல, மாச சம்பளம் இருக்கு, வருஷத்துக்கு இத்தனை நாள்னு லீவு இருக்கு, சொந்த ஊர் மேல கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் இருக்கு. இந்த மூணையும் சேத்தா ஒரு நாடக ட்ரூப் நடத்தலாம்னு மெலட்டூர் காட்டியிருக்கு. பாக்கப் போனா "தன்னார்வ" நாடகம்ங்கறது இங்க பழைய பாரம்பரியமே இல்ல, அதுதான் புதுசு. முன்னாடி இருந்தது மானியத்துல உக்காந்து ஆடுனது. ஆபீஸ்ல பெர்மிஷன் கேட்டு, ட்ரெயின் டிக்கெட் போட்டு, சொந்தக் காசுல வந்து ஆடறதுங்கறது கடந்த எழுபது எண்பது வருஷத்துக் கதை. 500 வருஷப் பெருமைய விட எனக்கு இதுதான் ஆச்சரியமா இருக்கு.

தேதியும் இதுக்கு ரொம்பத் தோதா அமைஞ்சுது. தை மாசி வாக்குல சம்பா தாளடி அறுவடை முடிஞ்சுடும், மேட்டூர் வழக்கமா தெறக்கறது ஜூன் 12, நடுவுல வயல் காஞ்சு கெடக்கும், ஆளுங்க கைல வேலை இருக்காது, நெல்லு வித்த காசு கொஞ்சம் இருக்கும். டெல்டால பங்குனிலேர்ந்து வைகாசி வரைக்கும் கோயில் திருவிழாவும் கூத்தும் நாடகமும் குவியறதுக்கு அதுதான் காரணம். விவசாயம் விட்டவங்களுக்கும் அதே மாசம் தோது, ஏன்னா மே மாசம் பசங்களுக்கு ஸ்கூல் லீவு. விவசாய நாட்காட்டி போய் ஆபீஸ் நாட்காட்டி வந்தப்பவும் நரசிம்ம ஜெயந்தி ரெண்டுலயும் காலியான எடத்துல விழுந்துச்சு. இதே நாடகம் ஐப்பசில வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

வெளியூர்க்காரங்க கவனம் 1950கள்ல கெடச்சதும் கைகுடுத்துச்சு. ஈ. கிருஷ்ணையர், வக்கீல், பரதநாட்டியத்துக்காக சண்டை போட்டவர், தானே பொண்ணு வேஷம் கட்டி சதிர் (பரதநாட்டியத்தோட பழைய பேர்) ஆடுனவர், அவர் மெலட்டூரப் பத்தி எழுதி பேசி மெட்ராஸ் டெல்லி ஆளுங்கள திரும்பிப் பாக்க வச்சாரு. ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவுல மெலட்டூர் நாடகங்கள எடுத்து மேடையேத்துனாங்க. 1953ல வந்த சங்கீத நாடக அகாடமி மூலமா பிற்பாடு விருதும் உதவித்தொகையும் வர ஆரம்பிச்சுது. இதெல்லாம் நல்லதுதான், பந்தல் செலவு லைட்டு மைக் செலவுக்கு ஆகும். ஆனா உதவித்தொகை நின்னா நாடகம் நிக்குமான்னா நிக்காதுன்னுதான் தோணுது, லீவு கெடைக்கலன்னாதான் நிக்கும்.

இங்க கூச்சிப்பூடியப் பக்கத்துல வச்சுப் பாக்கணும். ஆந்திராவுல கிருஷ்ணா மாவட்டத்து கிராமம், அதே மாதிரி பிராமண ஆம்பளைங்க, அதே மாதிரி தெலுங்கு, அதே மாதிரி பொம்பள வேஷம், வேதாந்தம் சத்யநாராயண சர்மா சத்யபாமாவா வந்தப்ப அப்படி ஒரு கூட்டம். ரெண்டும் பங்காளிக் கலைதான். ஆனா கூச்சிப்பூடி ஊரை விட்டுக் கெளம்பிடுச்சு. வேம்பட்டி சின்ன சத்யம் மெட்ராஸ் வந்து 1963ல அகாடமி ஆரம்பிச்சாரு, பொண்ணுங்க கத்துக்கிட்டாங்க, தனி நடனமாச்சு, சினிமா, வெளிநாடு, இன்னிக்கு உலகத்துல எந்த சிட்டிலயும் கூச்சிப்பூடி கிளாஸ் இருக்கு. மெலட்டூர் அப்படிப் போகல. போக முடியாது, ஏன்னா மொகமூடி கோயிலுக்குள்ள இருக்கு. வெளியூர்ல கூப்புட்டா போய் ஆடிட்டு வருவாங்க, ஆனா விரதமும் ஆவேசமும் சேந்த அந்த ராத்திரிய மூட்டை கட்டி எடுத்துட்டுப் போக முடியாது. அதனால பேரும் பணமும் கூச்சிப்பூடி அளவுக்கு வரல, அதனாலயே தொழிலாவும் ஆகல. அமெச்சூராவே நின்னுடுச்சு. நஷ்டமா லாபமான்னு ரெண்டு பக்கமும் வாதாடலாம். என்னைக் கேட்டா, ஊர் ஜனம் விடிய விடிய முழிச்சு உக்காந்திருக்கற நாடகமா அது நிக்கறது லாபம்தான்.

மெலட்டூர மட்டும் பாத்துட்டு இது ஏதோ அக்ரகாரத்து சமாச்சாரம்னு நெனச்சுடக் கூடாது. அதே பிரகலாதன் கதை, அதே நரசிம்மம், தமிழ்ல தஞ்சாவூர் சுத்துப்பட்டு கிராமங்கள்ல இரணிய நாடகமா நடக்குது, ஒரத்தநாடு பக்கம் ஆர்சுத்திப்பட்டு இதுக்குப் பேர் போனது. அங்க ஆடறவங்க விவசாயக் குடும்பத்து ஆளுங்க. ஒரு பாத்திரத்துக்கு ஒரே நேரத்துல ரெண்டு பேர் மேடைல இருப்பாங்க, ரெண்டு இரணியன், ரெண்டு பிரகலாதன், ஒருத்தர் விட்ட எடத்துல இன்னொருத்தர் புடிச்சு. ஏன் ரெண்டுன்னு ஆளாளுக்கு ஒரு விளக்கம் குடுப்பாங்க. என் ஊகம் ஒண்ணு இருக்கு, தொழில்முறை நடிகர் இல்லாத எடத்துல ராத்திரி பூரா தொண்டை தாங்கணும்னா ரெண்டு பேர் இருக்கறது தோது, அதோட வேஷம் கட்டணும்னு உரிமை கேக்கற பங்காளிகள் ரெண்டு பேருக்கும் எடம் கெடச்சுடும். ஊகம்தான், சத்தியம் பண்ண மாட்டேன்.

கிராமத்து நாடகத்துக்கு காசு வர்ற வழி தலைக்கட்டு வரி. கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு, திருவிழாவுக்கு இவ்வளவுன்னு பஞ்சாயத்துல பேசி வசூல். இது போக சிங்கப்பூர், மலேசியா, துபாய்னு போன பசங்க அனுப்பறது, நோட்டீஸ்ல "சிங்கப்பூர் வாழ் நண்பர்கள் உபயம்"னு பெருசா போட்டோவோட வரும். அக்ரகாரத்துப் பையன் பம்பாய்க்குப் போனான், குடியானத் தெருப் பையன் சிங்கப்பூருக்குப் போனான், ரெண்டு பேரும் போன எடத்துலேர்ந்து ஊர் நாடகத்துக்கு உயிர் குடுக்கறாங்க. நெலத்துல நின்ன நாடகம் போய், ஊரை விட்டுப் போனவங்க சம்பளத்துல நிக்கற நாடகம் வந்துடுச்சுங்கறது டெல்டா பூராவுக்கும் பொருந்துது.

ஆனா எல்லா நாடகமும் தப்பிக்கல. 60கள் 70கள்ல ஊருக்கு ஊர் இளைஞர் மன்றம், நற்பணி மன்றம்னு வச்சு சமூக நாடகம் போட்டாங்க. தாலுக்கா ஆபீஸ் கிளார்க் கதை எழுதுவார், ஸ்கூல் பிடி வாத்தியார் வில்லன், கதாநாயகிக்கு மட்டும் வெளியூர்லேர்ந்து நடிகைய சம்பளத்துக்கு வரவழைக்கணும், சீன் படுதா வாடகை, ஆர்மோனியக்காரர் வாடகை, ஒரு மாசம் ஒத்திகை, ஒரு ராத்திரி கூத்து. அதுக்கும் முன்னாடியே டவுன்ல இது உண்டு, திருச்சில தென்னிந்திய ரயில்வே அதிகாரியா இருந்த எப்.ஜி. நடேச ஐயர் 1914ல ரசிக ரஞ்சன சபா ஆரம்பிச்சு ஆபீஸ் முடிஞ்ச நேரத்துல நாடகம் போட்டவர், சின்னப் பையனா இருந்த எம்.கே. தியாகராஜ பாகவதர அரிச்சந்திராவுல லோகிதாசனா மேடையேத்துனதும் அந்த சபாதான். மாச சம்பளக்காரங்க சேந்து நாடகம் போடறதுக்கு அப்பவே இங்க முன்மாதிரி இருந்திருக்கு. ஆனா ஊர் மன்றத்து சமூக நாடகங்கள் 80கள்ல டிவி வந்து, திருவிழாவுல டெக்கு, அதாவது வீடியோ கேசட் ஓட்டற மெஷின், வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூணு படம் போடற பழக்கம் வந்ததுமே பொசுக்குன்னு போயிடுச்சு. டிவி வந்து மூணு நாலு வருஷத்துல அந்தப் படுதாக்கள் எல்லாம் நெல்லு மூடப் போயிடுச்சு.

மெலட்டூர் நாடகம், மன்றத்து நாடகம் ரெண்டுமே அமெச்சூர், ரெண்டுக்கும் காசு கெடையாது, ரெண்டுலயும் ஆர்வம் இருந்துச்சு. ஏன் ஒண்ணு போய் ஒண்ணு தாக்குப் புடிச்சுது? சமூக நாடகத்தை எப்ப போடறதுன்னு மன்றம் முடிவு பண்ணும். இந்த வருஷம் தலைவருக்கு உடம்பு சரியில்லயா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அடுத்த வருஷம் எலக்‌ஷன், அதுக்கடுத்த வருஷம் செயலாளருக்கும் பொருளாளருக்கும் தகராறு, அவ்வளவுதான். நரசிம்ம ஜெயந்திய தள்ளி வைக்கற அதிகாரம் எந்த செயலாளருக்கும் கெடையாது. பஞ்சாங்கத்துல வந்துடுச்சுன்னா வந்துடுச்சு. நரசிம்மம் வேஷம்ங்கறது குடும்பத்து வேண்டுதல், பிள்ளையார் வேஷம் பேரனுக்கு நேந்துக்கிட்டது, இதுல நல்லா நடிச்சோமா இல்லையாங்கறது ரெண்டாம் பட்சம். ஆர்வத்துக்கு மேல கடமைன்னு ஒண்ணு ஒக்காந்திருக்கு. ரசனைய மட்டும் நம்பி நிக்கற தன்னார்வ நாடகம் ஒரு தலைமுறைதான் தாங்கும்னு இந்த டெல்டா அனுபவத்துலேர்ந்து எனக்குத் தோணுது.

இதனால எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல. மெலட்டூர்லயே ரெண்டு குழு இருக்கு, ரெண்டும் தனித்தனியா விழா நடத்துது. சின்ன ஊர், ஒரே நாடகம், ரெண்டு மேடை. வெளியூர்லேர்ந்து வர்றவங்க இத ஒரு அவமானம் மாதிரி பேசுவாங்க, ஆனா எனக்கு அதுல பெரிய கவலை இல்ல, சபான்னு ஒண்ணு இருந்தா சண்டைன்னு ஒண்ணு இருக்கும், சண்டை போடற அளவுக்கு அக்கறை இருக்கே. போட்டி இருக்கறதுனால ரெண்டு பக்கமும் சின்னப் பசங்கள சேக்கணும்ங்கற கட்டாயமும் இருக்கு.

கவலை வேற எடத்துல. பொண்ணுங்க மேடைல இல்ல. இதே காவிரிக்கரைல இசை வேளாளர் குடும்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையா கோயில்ல ஆடுன ஆட்டத்தை 1947ல சட்டம் போட்டு நிறுத்துனாங்க, கொஞ்ச வருஷத்துல பக்கத்துலயே ஆம்பளைங்க பொண்ணு வேஷம் கட்டி ஆடறதுக்கு அரசாங்கம் உதவித்தொகை குடுத்துச்சு. காரணங்கள் வேற வேறதான், ஆனாலும் இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரு மாதிரி இருக்கு. வேஷத்துக்கு எந்தக் குடும்பம்ங்கற வட்டமும் சின்னது, ஒரு சாதிக்குள்ள, அதுலயும் சில வீடுகளுக்குள்ள. அந்த வட்டம்தான் இத்தனை நாள் காப்பாத்துச்சு, அதே வட்டம்தான் இப்ப ஆள் பஞ்சத்துக்கும் காரணம். வம்சத்துல பையன் இல்லாத வீடு இருக்கு, பையன் இருந்தும் கலிபோர்னியாவுல இருக்கற வீடு இருக்கு, அங்கேர்ந்து மே மாசம் லீவு எல்லா வருஷமும் கெடைக்காது. தெருவுல பொறந்து வளந்து கேட்டு கேட்டே தரு மனப்பாடமான தலைமுறை வயசாயிட்டிருக்கு, இனிமே வர்ற பசங்க சிட்டில வளந்து ஆடியோ கேட்டு, வீடியோ பாத்து கத்துக்கிட்டு வந்து ஊர்ல சேந்து ஒத்திகை பாக்கணும். முடியாதுன்னு சொல்ல மாட்டேன், ஏற்கெனவே பரதம் நடேச ஐயர் காலத்துல இதவிட மோசமான நெலைமைலேர்ந்து எழுந்திருக்கு.

மொழி ஒரு தடையான்னு நெறைய பேர் கேக்கறாங்க. இல்ல. பிரகலாதன் கதை தெரியாத ஆள் அந்தக் கூட்டத்துல யாரு? அரிச்சந்திரன் சுடுகாட்டுல நிக்கற கட்டத்துக்கு தெலுங்கு தெரியணும்னு அவசியம் இல்ல, பக்கத்துல உக்காந்திருக்கற பாட்டி அழுவறதப் பாத்தாலே புரிஞ்சுடும். புரியாம போறது சங்கீதமும் தாளமும் மட்டும்தான், அது தமிழ்ல இருந்தாலும் பாதிப் பேருக்குப் புரியாது.

போய்ப் பாக்கணும்னு நெனைக்கறவங்களுக்கு நடைமுறை விஷயம் ரெண்டு மூணு. ரெண்டு குழு இருக்கறதுனால பிரகலாதா எந்த ராத்திரி, யாரு மேடைன்னு முன்கூட்டியே கேட்டு வச்சுக்குங்க. டிக்கெட் கெடையாது. தங்கறதுக்கு தஞ்சாவூர் இல்லன்னா கும்பகோணம்தான். ராத்திரி பஸ்ஸ நம்பாதீங்க, வண்டி ஏற்பாடு பண்ணிக்கணும், இல்லன்னா விடியற வரைக்கும் இருந்துட்டு மொத பஸ்ஸுக்கு வர்ற மாதிரி திட்டம் போட்டுக்கணும், அதுதான் சரியும் கூட, ஏன்னா பன்னெண்டு மணிக்கு எழுந்து வந்துட்டா கோணங்கியும் பிள்ளையாரும் இரணியனோட அட்டகாசமும்தான் பாத்திருப்பீங்க, நரசிம்மம் வர்றது விடிகாலைல.